குழம்பு கொதிக்கட்டும், பிறகு பிஸ்கட்

வார நாளில் ஆறு மணிக்கு வீடு திரும்பி, ஏழு மணிக்குள் சூடான சாப்பாட்டை மேசையில் வைக்க வேண்டியவர்களுக்கு, மாட்டுக் கொத்துக்கறியும் பிஸ்கட்டும் சேர்ந்த கேசரோல் போலக் கைகொடுக்கும் உணவு அதிகம் இல்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் நடுமேற்கிலும் வீட்டுக்கு வீடு செய்கிற சாப்பாடு இது. கறியை வெங்காயத்தோடு வதக்கிக் கெட்டியான குழம்பாக்கி, அதன் மேல் பிஸ்கட் மாவை அடுக்கி ஓவனில் வைத்தால், கீழே குழம்பும் மேலே பொன்னிற ரொட்டியுமாக ஒரே பாத்திரத்தில் முழுச் சாப்பாடு கிடைத்துவிடும். இங்கே பிஸ்கட் என்றால் வெண்ணெயும் மோரும் சேர்த்து, ஈஸ்ட் இல்லாமல் பேக்கிங் பவுடரால் உப்ப வைக்கிற மெத்தென்ற சிறு ரொட்டி.

எளிது என்று பெயர் வாங்கியதாலோ என்னவோ, இதைப் பலர் அரைகுறையாகச் செய்கிறார்கள். மேலே பார்த்தால் அழகாகச் சிவந்திருக்கும். முள்கரண்டியால் ஒரு துண்டைப் புரட்டினால், அடியில் வெள்ளையாக, பசை போல வேகாத மாவு ஒட்டிக்கொண்டிருக்கும். மிச்சத்தை ஓவன் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையால் வருவது அது. இந்த உணவு நன்றாக வருமா வராதா என்பது ஓவன் கதவைத் திறப்பதற்கு முன்பே, அடுப்பருகே நிற்கும் கால் மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல நினைக்கிறேன்.

நான் இருப்பது கென்டக்கி மாநிலத்தில், ஒஹாயோ ஆற்றங்கரையில் உள்ள லூயிவில் நகரத்தில். பிஸ்கட்டைப் பொறுத்தவரை இது வரலாறு உள்ள ஊர். கடையில் குளிர்பெட்டியில் வைத்து விற்கிறார்களே, அட்டைக் குழாயில் அடைத்த பிஸ்கட் மாவு, அதற்கு 1931இல் காப்புரிமை பெற்ற லைவ்லி வில்லோபி இந்த ஊர்க்காரர். இங்கேயே மாவு ஆலை நடத்திய பல்லார்ட் அண்ட் பல்லார்ட் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1951இல் பில்ஸ்பரி நிறுவனம் பல்லார்டை வாங்கியது. வயிற்றில் விரலால் குத்தினால் சிரிக்கும் அந்த வெள்ளை மாவுப் பையன் விளம்பரத்துக்கு வந்தது 1965இல். வில்லோபியின் யோசனையில் நான் வியக்கும் இடம், குளிரில் மாவு தூங்க வேண்டும், சூட்டில்தான் எழ வேண்டும் என்பதை அவர் ஒரு குழாய்க்குள் அடக்கியது. குழாய்க்குள் மாவு சற்றே உப்பி இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது, வாயு அழுத்தத்தில் இறுகி நிற்கிறது, குளிர் அதை மேலும் எழவிடாமல் பிடித்து வைக்கிறது. மேல்தாளை உரித்துக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் அட்டையின் சுருள் இணைப்பு விட்டு, 'டப்' என்று வெடிக்கும். மாவு பிதுங்கிக்கொண்டு எட்டிப் பார்க்கும். எங்கள் வீட்டில் அந்த வேலை சின்னவனுக்கு உரியது. வேறு யாராவது உரித்துவிட்டால் அன்று இரவு சமாதானம் செய்து மாளாது.

கறியிலிருந்து தொடங்குகிறேன். குமரி மாவட்டத்தில் மாட்டிறைச்சி சமைக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். அங்கே துண்டு போட்டு, தேங்காய்க் கொத்தோடு பொறுமையாக வேகவைப்பதுதான் வழக்கம். அந்தப் பொறுமைக்கு வார நாளில் இடமில்லை. இங்கே கடைகளில் கொத்துக்கறிப் பொட்டலத்தின் மேல் 80/20, 85/15, 93/7 என்று போட்டிருக்கும். முதல் எண் கொழுப்பில்லாத இறைச்சி, இரண்டாவது கொழுப்பு. சட்டப்படி கொழுப்பு முப்பது விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இந்தக் கேசரோலுக்கு நான் வாங்குவது 85/15. கொழுப்பு கூடினால் குழம்பின் மேல் எண்ணெய் மிதந்து பிஸ்கட்டின் அடியை ஊறவைக்கும். 93/7 வாங்கினால் கறி மணல் மாதிரி உதிர்ந்து, வாயில் சுவை நிற்காது. உடல்நலத்தை எண்ணி மிக மெலிந்த கறியை வாங்குபவர்களுக்கு நான் சொல்வது, 85 வாங்கி, வதக்கிய பிறகு தேங்கிய கொழுப்பை வடித்துவிடுங்கள். சுவையும் தங்கும், கொழுப்பும் குறையும்.

வதக்குவதில்தான் பாதிச் சுவை இருக்கிறது. ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் கறியைக் காய்ந்த சட்டியில் போட்டதும் உடனே கிளறக் கூடாது. ஒரே அடுக்காகப் பரப்பி, கரண்டியால் லேசாக அழுத்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். முதலில் நல்ல சத்தம் கேட்கும். பிறகு கறியிலிருந்து தண்ணீர் விட்டு, சத்தம் அடங்கி, சாம்பல் நிறக் கறி அந்தத் தண்ணீரிலேயே கொதிக்கும். பெரும்பாலோர் இந்த இடத்தில் வெந்துவிட்டது என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். தண்ணீர் இருக்கும் வரை சட்டியின் சூடு கொதிநிலையைத் தாண்டாது. கறி வேகும், ஆனால் சிவக்காது. இன்னும் சில நிமிடம் பொறுத்தால் நீர் வற்றி, கொழுப்பு மட்டும் மிஞ்சும்போது சத்தம் மறுபடி மாறும். கொதிக்கும் களகளப்பு போய், பொரியும் சடசடப்பு கேட்கும். அந்த மாற்றம் வந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் கறியைத் தொடாமல் விடுங்கள். அடியில் பழுப்பாகப் படியும் பொருக்குதான் குழம்புக்கு நிறமும் மணமும் தரும். கண்ணைவிடக் காதை நம்பிச் செய்ய வேண்டிய வேலை இது. அதனால் நான் அந்த நேரத்தில் சமையலறையில் பாட்டுப் போடுவதில்லை.

கறி சிவந்ததும் ஒரு பெரிய வெங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுது. விழுது பச்சை வாசனை போய் கருஞ்சிவப்பாக மாறியதும், கோதுமை மாவு இரண்டு மேசைக்கரண்டி தூவி ஒரு நிமிடம் வறுக்க வேண்டும். ஒன்றேகால் கோப்பை மாட்டெலும்புச் சாறு ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டி விட வேண்டும். ஒரு மேசைக்கரண்டி வூஸ்டர் சாஸ், கொஞ்சம் தைம் இலை, தாராளமாக மிளகுத்தூள், உறைந்த பட்டாணியும் கேரட்டும் ஒன்றரைக் கோப்பை. உப்பு மட்டும் கையை அடக்கிப் போடுங்கள். பிஸ்கட்டிலும் பாலாடைக்கட்டியிலும் உப்பு இருக்கிறது. எலும்புச் சாறு டப்பாவில் வாங்கியதாக இருந்தால் அதிலும் இருக்கும்.

மாவு தூவி எலும்புச் சாறு ஊற்றும் இந்த இடத்தில் பல அமெரிக்க வீடுகளில் ஒரு டப்பா காளான் கிரீம் சூப்பைக் கொட்டுவார்கள். கேம்பல் நிறுவனம் அதை 1934இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மினசோட்டா பக்கத்தில் இதற்கு 'லூத்தரன் பசை' என்றே பட்டப்பெயர் உண்டு. லூத்தரன் தேவாலயச் சாப்பாடுகளில் வைக்கும் கேசரோல்களை எல்லாம் இறுக்கிப் பிடித்து வைப்பது அந்த சூப்தான் என்பதால். 1955இல் நியூ ஜெர்சியின் கேம்டனில் கேம்பல் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் வேலை பார்த்த டார்கஸ் ரைலி, அதே சூப்பை வைத்துப் பச்சை பீன்ஸ் கேசரோலை உருவாக்கினார். இன்றும் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் அது இல்லாத மேசைகள் குறைவு.

இந்த டப்பாச் சமையலை ஏளனமாகப் பேசுபவர்களோடு எனக்கு ஒட்டுவதே இல்லை. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து, மறுபடி ஒரு வீட்டின் பசியை எதிர்கொள்ள வேண்டிய பெண்களுக்கு, ஒரு டப்பா சூப் மிச்சப்படுத்திக் கொடுத்த இருபது நிமிடம் சாதாரணமானதல்ல. அந்த இருபது நிமிடத்தில் ஒரு குழந்தையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்திருக்கலாம். காலை நீட்டிக் கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாம். சுவைக்கு நான் மாவும் எலும்புச் சாறும்தான் தேர்ந்தெடுக்கிறேன். காளான் சூப் சேர்த்தால் எல்லாக் கேசரோலும் ஒரே ருசிக்கு வந்துவிடுகிறது என்பது என் எண்ணம். ஆனால் அலமாரியில் ஒரு டப்பா சூப் எப்போதும் இருக்கும். முடியாத நாள் என்று ஒன்று எல்லார் வீட்டிலும் வரும்.

குழம்பு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்றால், கரண்டியால் சட்டியின் நடுவே ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடிக்கொள்ளாமல், மெல்ல மெல்ல மூட வேண்டும். நீர்த்திருந்தால் பிஸ்கட் மூழ்கும். ரொம்ப இறுகியிருந்தால் ஓவனில் இன்னும் வற்றி வறண்டுவிடும்.

அடுத்தது மாவை வைக்கும் நேரம். பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா இருந்தார், கிழக்குக் கென்டக்கி மலைப்பகுதியில் பிறந்து வளர்ந்தவர். அவர் சமையலறையில் நான் நின்று பார்த்தபோது சொன்னது ஒரே விஷயம்: "குழம்பு பொங்கிக்கொண்டிருக்கும்போது வை, ஹனி. அடங்கின பிறகு வைக்காதே." காரணம் எதுவும் அவர் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் தெளிவாகவே இருக்கிறது. பிஸ்கட்டின் மேற்பக்கம் 375 டிகிரி பாரன்ஹீட் சூட்டில் இருக்கும் உலர்ந்த காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அடிப்பக்கமோ ஈரக் குழம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. குழம்பு எவ்வளவு சூடானாலும் கொதிநிலைக்கு மேல் போகாது. அந்தக் குழம்பு ஆறிப்போயிருந்தால், அது மறுபடி சூடாவதற்குள்ளேயே பிஸ்கட்டின் தலை சிவந்துவிடும். தலை சிவந்ததைப் பார்த்து நாம் வெளியே எடுத்துவிடுவோம். அடியில் மாவு மாவாகவே இருக்கும். கொதிக்கும் குழம்பின் மேல் வைத்தால், வைத்த கணத்திலிருந்தே அடியில் ஆவி அடித்து வேகத் தொடங்குகிறது. மேலும் கீழும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிகின்றன.

இதனால்தான் நான் கண்ணாடிப் பாத்திரத்தைவிட வார்ப்பிரும்புச் சட்டியை விரும்புகிறேன். பத்து அங்குலச் சட்டியில் வதக்கி, அதிலேயே குழம்பாக்கி, கொதிக்கக் கொதிக்க மாவை வைத்து, அப்படியே ஓவனில் தள்ளிவிடலாம். டென்னஸி மாநிலத்தின் சவுத் பிட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் லாட்ஜ் நிறுவனம் 1896 முதல் இந்தச் சட்டிகளை வார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருமுறை வாங்கினால் பேரப்பிள்ளைகள் காலம் வரை வரும். கண்ணாடிப் பாத்திரத்துக்கும் நல்ல வரலாறு இருக்கிறது. கார்னிங் கண்ணாடி ஆலையில் வேலை பார்த்த ஜெஸ்ஸி லிட்டில்டனின் மனைவி பெஸ்ஸி, 1913இல் கணவர் கொண்டுவந்த மின்கலக் கண்ணாடிச் சாடியின் அறுத்த அடிப்பாகத்தில் கேக் சுட்டுப் பார்த்தார். அதிலிருந்து வந்ததுதான் 1915இல் விற்பனைக்கு வந்த பைரெக்ஸ். இருந்தாலும் கண்ணாடியில் ஒரு ஆபத்து உண்டு. முதல் நாளே குழம்பைச் செய்து குளிர்பெட்டியில் வைத்து, அந்தச் சில்லிட்ட பாத்திரத்தை நேராகச் சூடான ஓவனில் வைத்தால் வெடித்துச் சிதறலாம். முன்கூட்டிச் செய்வதானால் குழம்பை வேறு டப்பாவில் வைத்திருந்து, சாப்பிடும் நாளில் சட்டியில் ஊற்றிக் கொதிக்கவிட்டுப் பிறகு மாவை வையுங்கள். அப்போது கண்ணாடிக்கும் பிரச்சினை இல்லை, மாவுக்கும் பிரச்சினை இல்லை.

கடை பிஸ்கட் பயன்படுத்தினால், பெரிய குழாயில் எட்டு இருக்கும். அவை தடிமனானவை, முழுதாக வைத்தால் நடுப்பகுதி வேகத் திணறும். ஐந்தாறை எடுத்து, ஒவ்வொன்றையும் நான்காக வெட்டி, துண்டுகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவு இடம் விட்டு அடுக்குங்கள். அந்த இடைவெளி வழியாகத்தான் ஆவி வெளியேறும். நெருக்கி அடுக்கினால் ஆவி அடியிலேயே சிக்கி மாவை ஊறவைக்கும். வெட்டும்போது மாவு குளிர்ச்சியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கத்தியில் ஒட்டும். மிஞ்சிய இரண்டு மூன்றைத் தனித் தட்டில் வைத்து அதே ஓவனில் சுட்டுவிட்டால் காலைக்கு ஆகும். 22 முதல் 25 நிமிடம். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு கைப்பிடி செடார் பாலாடைக்கட்டியைத் தூவலாம்; முன்பே தூவினால் கருகும். வெளியே எடுப்பதற்கு முன் நடுவில் இருக்கும் ஒரு துண்டை முள்கரண்டியால் நெம்பிப் பாருங்கள். அடியில் பளபளப்பு இல்லாமல், பஞ்சு போலக் கண்ணறைகள் தெரிய வேண்டும். பளபளவென்று இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம். மேலே சிவந்துவிட்டதே என்று கவலைப்பட்டால் ஒரு அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்திவிடுங்கள்.

கொத்துக்கறிக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பு அளவு 160 டிகிரி பாரன்ஹீட், அதாவது 71 டிகிரி செல்சியஸ். முழுத் துண்டு இறைச்சியில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது அது உள்ளே எங்கும் கலந்துவிடுகிறது. 1993இல் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கரால் குழந்தைகள் இறந்த பிறகுதான் இதில் கடுமையான விதிகள் வந்தன. மேலே சொன்னபடி வதக்கிக் கொதிக்கவைத்தால் அந்த அளவை எப்போதோ தாண்டியிருப்பீர்கள்.

நேரம் இருக்கும் நாளில் மாவை நானே பிசைகிறேன். பிசைகிறேன் என்று சொல்வதே தவறு, பிசையவே கூடாது. ஒன்றரைக் கோப்பை மாவு, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு. நான்கு மேசைக்கரண்டி சில்லிட்ட வெண்ணெயை விரல் நுனியால் பட்டாணி அளவுக்கு உதிர்த்து, முக்கால் கோப்பை மோர் ஊற்றி, ஈரமாகும் வரை மட்டும் கிளற வேண்டும். உருட்டவோ தேய்க்கவோ வேண்டாம். கரண்டியால் அள்ளி அள்ளிக் குழம்பின் மேல் போட வேண்டியதுதான். தென்மாநிலங்களில் மென்கோதுமை மாவுக்கு இருக்கும் மதிப்பைக் கடை அலமாரியிலேயே பார்க்கலாம். ஒயிட் லில்லி மாவைத் தவிர வேறு எதையும் தொடாத பாட்டிகள் இங்கே இருக்கிறார்கள். அந்த மாவில் புரதம் குறைவு. புரதம் குறைந்தால் இழுவை குறையும், பிஸ்கட் வாயில் கரையும். என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கேசரோலுக்குக் கரண்டியால் அள்ளிப் போடும் மாவுதான் சிறந்தது. மேடு பள்ளமாக விழுவதால் முகடுகள் மொறுமொறுப்பாகச் சிவக்கின்றன, பள்ளங்களில் குழம்பு ஏறிக்கொள்கிறது. குழாயைத் தேடி உரித்து வெட்டும் நேரத்தைவிட மிஞ்சிப்போனால் ஐந்து நிமிடம் கூடுதலாகும். சின்னவனுக்கு மட்டும் இந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை.

நம்மவர்கள் சிலர் இதில் கரம் மசாலாவும் மிளகாய்த்தூளும் போடுவதுண்டு. என் கணவரும் ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அதில் விருப்பமில்லை. சிவந்த கறியின் மணமும் வெண்ணெய் பிஸ்கட்டின் லேசான இனிப்பும் ஒன்றையொன்று தேடிப் போகிற சாப்பாடு இது. பட்டை கிராம்பு உள்ளே வந்தால் இரண்டும் அடங்கிவிடுகின்றன. காரம் வேண்டுமென்றால் மிளகைக் கூட்டுங்கள், புதிதாக இடித்துப் போடுங்கள். தட்டில் வைத்த பிறகு லூயிசியானா பாணி மிளகாய் வினிகர் சாஸைச் சில சொட்டு விட்டுக்கொண்டால் கொழுப்பின் கனத்தை அது வெட்டும். கணவர் இப்போது அதற்கு மாறிவிட்டார்.

இந்த ஊரில் கேசரோல் வீட்டு மேசையோடு நிற்பதில்லை. குழந்தை பிறந்த வீடு, துக்கம் நடந்த வீடு, ஆபரேஷன் முடிந்து திரும்பியவர் வீடு, எங்கும் முதலில் போய்ச் சேருவது இதுதான். பாத்திரத்தின் அடியில் ஒரு துண்டு காகித நாடா ஒட்டி, அதில் கொடுத்தவர் பெயரை எழுதியிருப்பார்கள், கழுவித் திருப்பிக் கொடுக்க வசதியாக. எங்கள் மூத்தவள் பிறந்த வாரத்தில் எங்கள் சமையலறைத் திட்டில் யார் யாரோ பெயர் எழுதிய பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. அதில் பாதிப் பேரை நான் அதுவரை பார்த்ததுகூட இல்லை. திருப்பிக் கொடுக்கப் போய்த்தான் அவர்களோடு பழக்கமானது. இப்போது நான் கொண்டுபோகும்போது பிஸ்கட்டைச் சேர்த்துச் சுட்டுக் கொடுப்பதில்லை. குழம்பை ஒரு பாத்திரத்திலும், ஒரு குழாய் பிஸ்கட் மாவைப் பக்கத்திலும் வைத்து, குழம்பைக் கொதிக்கவைத்துவிட்டு மாவை அடுக்குங்கள் என்று காகிதத்தில் எழுதிவிடுகிறேன். அவர்களுக்குச் சாப்பிடத் தோன்றும் நேரத்தில் சுடச்சுடக் கிடைக்கும்.

மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். பிஸ்கட்டைக் குழம்பிலிருந்து பிரித்துத் தனி டப்பாவில் வைக்க வேண்டும், சேர்த்தே வைத்தால் மறுநாள் களியாகிவிடும். குழம்பை அடுப்பில் ஆவி பறக்கச் சூடாக்குங்கள். பிஸ்கட்டை மைக்ரோவேவில் வைக்காமல், சிறிய டோஸ்டர் ஓவனில் ஐந்து நிமிடம் வையுங்கள். குழம்பை மட்டும் உறையவைத்தால் இரண்டு மாதம் வரை நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பவுண்டு கறியாக வதக்கி, பாதியை உறையவைத்துவிட்டால் அடுத்த வாரத்தில் ஒரு நாள் இரவுக்குக் கவலையில்லை.